சிங்கப்பூரில் வீவக மறுவிற்பனை வீடு: நிரந்தரவாசிக் குடும்பங்களுக்கான வழிகாட்டி

கணவன் மனைவி இருவரும் நிரந்தரவாசிகள், பிள்ளைகள் இங்கேயே படிக்கிறார்கள், ஒவ்வொரு முறை வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதும் தொகை ஏறுகிறது. இந்த நிலையில் சொந்த வீடு பற்றி யோசிக்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்களும் இதே வழியில் அலைந்து வாங்கியவர்கள்தான். இணையத்தில் கிடைக்கும் விளக்கங்களில் பெரும்பாலானவை குடிமக்களுக்கானவை. அவற்றில் வரும் மானியம், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) கடன், பிடிஓ எனப்படும் புது வீடு எதுவும் குடிமகன் ஒருவர்கூட இல்லாத குடும்பத்துக்குக் கிடையாது. நமக்கு மிச்சம் இருப்பது மறுவிற்பனை வீடும் வங்கிக் கடனும்.

வீடு பார்க்கப் போவது கீழே ஆறாவதாக வருகிறது. முதலிலேயே போய் ஒரு வீட்டில் மனதை விட்டுவிட்டால் பின்னால் வரும் ஒவ்வொரு விதியும் அடியாக விழும்.

1. தகுதி இருக்கிறதா என்று பாருங்கள்

குடும்பத்தில் யாரும் குடிமகன் இல்லையென்றால், வீட்டின் உரிமையாளர்களும் குடும்ப அமைப்புக்குத் தேவையான மற்றவரும் நிரந்தரவாசி ஆகி 3 ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். ஒருவருக்கு 5 ஆண்டுகள், துணைக்கு 2 ஆண்டுகள் என்றால் இன்னும் ஓராண்டு காத்திருக்கத்தான் வேண்டும். நிரந்தரவாசியாக இருக்கும் தனிநபர் வீவக வீடு வாங்க முடியாது. ஒருவர் நிரந்தரவாசி, துணை சார்ந்திருப்போர் அனுமதியில் இருக்கிறார் என்றாலும் முடியாது.

துணைவர்களில் ஒருவர் குடிமகனாக இருந்தால் கதையே வேறு. 3 ஆண்டு காத்திருப்பு இல்லை, பிடிஓவுக்கும் விண்ணப்பிக்கலாம், முதல் வீட்டுக்குக் கூடுதல் முத்திரை வரியிலிருந்து விலக்கும் கிடைக்கும். அவர்களுக்கு இந்தக் கட்டுரையில் பாதி தேவைப்படாது.

வேலை அனுமதியில் மட்டும் இருப்பவர்களுக்கு வீவக வீடு கிடையாது. தனியார் கூட்டுரிமை வீடு வாங்கத் தடையில்லை. ஆனால் 2023 ஏப்ரல் 27 முதல் வெளிநாட்டவருக்குக் கூடுதல் முத்திரை வரி 60 விழுக்காடு. 15 லட்சம் வெள்ளி வீட்டுக்கு 9 லட்சம் வரி. அமெரிக்கா, சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட சில நாட்டவருக்கு வர்த்தக ஒப்பந்தத்தின் பேரில் விலக்கு உண்டு. இந்தியாவோடும் ஒப்பந்தம் இருக்கிறதே என்று நண்பர்கள் அடித்துச் சொல்வார்கள். அந்த ஒப்பந்தத்தில் இந்தச் சலுகை இல்லை.

2. ஊரில் இருக்கும் சொத்தை மறைக்காதீர்கள்

நம்மவர்கள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். தனியார் வீடு வைத்திருப்பவர் யார் என்று கழகம் பார்க்கும்போது, வெளிநாட்டில் உள்ள வீடும் கணக்கில் வரும். சென்னையில் கடனில் வாங்கிய அடுக்குமாடி வீடு, அப்பா எழுதி வைத்த வீட்டில் பங்கு என்று எது இருந்தாலும் விண்ணப்பத்தில் சொல்லியாக வேண்டும். 2022 செப்டம்பர் 30 முதல், தனியார் வீட்டை விற்றவர்கள் மானியமில்லாத மறுவிற்பனை வீடு வாங்க 15 மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. அதனால் ஊரில் வீடு இருப்பவர்கள் பத்திரத்தில் யார் பெயர், எவ்வளவு பங்கு என்பதை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, கழகத்திடம் எழுத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள். "அங்கே இருப்பது இவர்களுக்கு எப்படித் தெரியப் போகிறது" என்று சொல்லும் நண்பர் எல்லார் வட்டத்திலும் ஒருவர் இருப்பார். பொய் உறுதிமொழி கொடுத்தது தெரிய வந்தால் வீட்டையே கழகம் எடுத்துக்கொள்ளலாம். அந்த நண்பர் அப்போது உதவிக்கு வரப் போவதில்லை.

வாங்கிய பிறகும் இது தொடர்கிறது. குறைந்தபட்சக் குடியிருப்புக் காலமான 5 ஆண்டுகள் முடியும்வரை இங்கேயோ வெளிநாட்டிலோ வேறு தனியார் வீடு வாங்கக் கூடாது. ஊரில் வீடு கட்டும் திட்டம் இருந்தால் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

3. பணக் கணக்கு: ரொக்கம் எவ்வளவு, மத்திய சேம நிதி (மசேநி) எவ்வளவு

வீட்டு விலையைவிட, கையில் ரொக்கமாக எவ்வளவு வேண்டும் என்பதுதான் முக்கியமான கேள்வி. விதிகள் இவை:

வங்கி அதிகபட்சம் 75 விழுக்காடு கடன் தரும். மீதி 25 விழுக்காட்டில் குறைந்தது 5 விழுக்காடு ரொக்கமாக இருக்க வேண்டும். 20 விழுக்காட்டை மத்திய சேம நிதியின் சாதாரணக் கணக்கிலிருந்து எடுக்கலாம். கடன் காலம் 25 ஆண்டுக்கு மேல் போனாலோ 65 வயதைத் தாண்டினாலோ இந்த 75 விழுக்காடு 55 ஆகக் குறையும், ரொக்கப் பங்கு 10 விழுக்காடாக ஏறும். 45 வயதில் வாங்குபவர் தனியாகக் கடன் எடுத்தால் 20 ஆண்டுக்குள் அடைக்க வேண்டும். கணவன் மனைவி சேர்ந்து எடுத்தால் வருமானத்தை வைத்து இருவர் வயதின் சராசரியை வங்கி பார்க்கும்.

மாதத் தவணை குடும்ப வருமானத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. அதிலும் வங்கி உங்களிடம் வாங்கப்போகும் வட்டியை வைத்துப் பார்க்காது, குறைந்தது 4 விழுக்காடு என்று வைத்துத்தான் பார்க்கும். போனஸ், கமிஷன் போன்றவற்றில் 30 விழுக்காட்டைக் கழித்துவிட்டுத்தான் சேர்க்கும். கார்க் கடன் உட்பட எல்லாக் கடன்களும் சேர்ந்து வருமானத்தில் 55 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது தனி விதி.

ஒரு நாலறை வீட்டை எடுத்துக்கொள்வோம். பேசிய விலை 620,000 வெள்ளி, கழகத்தின் மதிப்பீடு 600,000 வெள்ளி. கடன், இரண்டில் குறைந்த தொகையை வைத்தே கணக்கிடப்படும்.

- வங்கிக் கடன்: 450,000
- கட்டாய ரொக்கம்: 30,000
- மசேநி, போதாவிட்டால் ரொக்கம்: 120,000
- மதிப்பீட்டுக்கு மேல் கொடுக்கும் தொகை: 20,000. இது முழுக்க ரொக்கம்.
- வாங்குவோர் முத்திரை வரி: 13,200
- நிரந்தரவாசிக்கான கூடுதல் முத்திரை வரி, 5 விழுக்காடு: 31,000
- முகவர் கட்டணம், 1 விழுக்காடும் பொருள் சேவை வரியும்: 6,758
- வழக்கறிஞர் கட்டணம்: வழக்கமாக 2,000 முதல் 3,000 வரை

25 ஆண்டுக் கடன் என்றால் 4 விழுக்காட்டு வட்டியில் தவணை சுமார் 2,375 வெள்ளி. குடும்பத்தின் மாத வருமானம் 7,920 வெள்ளியாவது இருந்தால்தான் இந்தக் கடன் கிடைக்கும். முத்திரை வரியையும் ரொக்கமாகக் கட்ட நேர்ந்தால், மசேநி போக 100,000 வெள்ளிக்கு மேல் கையில் வேண்டும். இதில் பழுதுபார்ப்பு, புது மின்விசிறி, திரைச்சீலை எதுவும் சேரவில்லை.

மசேநி பற்றி இரண்டு விஷயம். நிரந்தரவாசி ஆன முதல் இரண்டு ஆண்டுகளில் பங்களிப்பு விகிதம் குறைவு என்பதால், 3 ஆண்டு முடிந்ததும் பார்த்தால் சாதாரணக் கணக்கில் எதிர்பார்த்த தொகை இருக்காது. எந்தத் தொகை இருக்கும் என்று ஊகிக்காமல் அறிக்கையை எடுத்துப் பாருங்கள். அடுத்தது, வீட்டை விற்கும்போது எடுத்த மசேநிப் பணத்தை அதற்கான வட்டியோடு உங்கள் கணக்கில் திருப்பி வைக்க வேண்டும். விற்ற விலை பெரிதாகத் தெரிந்தாலும் கைக்கு வரும் ரொக்கம் சின்னதாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

4. ஹெச்எஃப்இ கடிதமும் ஆவணங்களும்

2023 மே 9 முதல், வீவக வீடு வாங்க நினைக்கும் எவரும் முதலில் இந்தத் தகுதிக் கடிதத்தை வாங்க வேண்டும். வங்கிக் கடன் எடுப்பவருக்கும் இது கட்டாயம். விற்பவரிடமிருந்து ஆப்ஷன் (வீட்டை உங்களுக்கே விற்பதாக அவர் எழுதித் தரும் உரிமைப் பத்திரம்) வாங்கும் நாளில் இது செல்லுபடியாக இருக்க வேண்டும். சிங்பாஸ் மூலம் கழகத்தின் இணையவாசலில் விண்ணப்பிக்கலாம். கடிதம் வர ஒரு மாதம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பிடிஓ விற்பனை நடக்கும் மாதங்களில் இன்னும் தள்ளிப்போகலாம். வந்த நாளிலிருந்து 9 மாதம் செல்லும்.

சம்பளம், மசேநி விவரங்கள் தானாகவே நிரம்பிவிடும். இழுப்பது வெளிநாட்டு ஆவணங்கள்தான். திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள், அவை ஆங்கிலத்தில் இல்லையென்றால் மொழிபெயர்ப்பு ஆகியவற்றை முன்பே தயார் செய்யுங்கள்.

அப்புறம் நம் பெயர்கள். திருமணச் சான்றிதழில் "சு. குமார்" என்று இருக்கும். கடவுச்சீட்டில் முன்னெழுத்து விரிந்து அப்பா பெயர் குடும்பப் பெயராகப் போய் உட்கார்ந்திருக்கும். நீல அடையாள அட்டையில் இரண்டும் ஒட்டி ஒரே பெயராக இருக்கும். மனைவியின் கடவுச்சீட்டில் கல்யாணத்துக்குப் பிறகு கணவர் பெயர் ஏறியிருக்கும், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பழைய பெயரே நிற்கும். நமக்கு இது பழகிப்போனது, ஆனால் இங்கே அலுவலரும் வழக்கறிஞரும் நாலும் நாலு ஆள் என்றே எடுத்துக்கொள்வார்கள். எல்லாப் பெயர் வடிவங்களையும் ஒரே தாளில் எழுதி, இவை ஒருவரையே குறிக்கும் என்று சத்தியப்பிரமாண ஆணையர் முன் ஒரு உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைத்துக்கொண்டால், பின்னால் வங்கியும் வழக்கறிஞரும் கேட்கும்போது அதையே நீட்டலாம்.

கடிதத்துக்கு விண்ணப்பிக்கும்போதே வங்கிகளிடம் கொள்கையளவிலான கடன் ஒப்புதலையும் கேட்டுவிடுங்கள். அதே தளத்தில் அதற்கும் வசதி இருக்கிறது.

5. ஒதுக்கீடு: எந்த புளோக்கில் வாங்க முடியும்

இன ஒதுக்கீடு, நிரந்தரவாசி ஒதுக்கீடு என்று இரண்டு தனித்தனி வாசல்கள். இரண்டிலும் தேற வேண்டும்.

இந்தியர் மற்றும் பிற இனத்தவருக்கு அக்கம்பக்கத்தில் 12 விழுக்காடு, ஒரு புளோக்கில் 15 விழுக்காடு வரை இடம். மலேசியர் அல்லாத நிரந்தரவாசிக் குடும்பங்களுக்கு அக்கம்பக்கத்தில் 5, புளோக்கில் 8. மலேசிய நிரந்தரவாசிகளுக்கு இரண்டாவது ஒதுக்கீடு பொருந்தாது. ஜொகூரிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு இது பெரிய வசதி.

இன வரம்பு நிறைந்த புளோக்கிலும் இந்தியர் ஒருவர் விற்றால் இந்தியர் வாங்கலாம், எண்ணிக்கை மாறாதே. ஆனால் நிரந்தரவாசி வரம்பும் நிறைந்திருந்தால், விற்பவர் மலேசியர் அல்லாத நிரந்தரவாசியாகவும் இருந்தாக வேண்டும். கழகத்தின் இணையப்பக்கத்தில் புளோக் எண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு மாதமும் 1ஆம் தேதி எண்ணிக்கை புதுப்பிக்கப்படும். 28ஆம் தேதி திறந்திருந்த புளோக் 1ஆம் தேதி மூடியிருக்கலாம். அதனால் வீட்டைப் பார்க்கப் போகும் முன் ஒரு முறை, ஆப்ஷனில் கையெழுத்துப் போடும் அன்று காலை ஒரு முறை பாருங்கள்.

விலை மலிவாக இருக்கிறதே என்று ஒரு வீடு உங்களை இழுத்தால் உடனே இதைத்தான் பார்க்க வேண்டும். சீனர் வரம்பு நிறைந்த புளோக்கில் இந்திய உரிமையாளர், சீனர் அல்லாதவருக்கு மட்டுமே விற்க முடியும். வாங்குபவர் கூட்டம் குறைவு, விலையும் இறங்கும். வாங்கும்போது உங்களுக்கு லாபம்தான். நாளை நீங்கள் விற்கும்போது அதே இறக்கம் உங்கள் தலையில். என்னைக் கேட்டால், பத்தாண்டுக்கு மேல் இருக்கப் போகிறவர்கள் தாராளமாக வாங்கலாம், 5 ஆண்டு முடிந்ததும் விற்க நினைப்பவர்கள் ஒதுங்குவது நல்லது.

6. வீடு தேடுவதும் பார்ப்பதும்

முகவர் கட்டாயம் இல்லை. 2024இல் கழகமே மறுவிற்பனைப் பட்டியல் சேவை ஒன்றைத் தொடங்கியிருக்கிறது. முகவர் வைத்தால் அவர் பதிவெண்ணைச் சொத்து முகவர் மன்றத்தின் பதிவேட்டில் சரிபாருங்கள். ஒரே முகவர் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் வேலை செய்யக் கூடாது. வீட்டுப் பணத்தை முகவர் கையில் கொடுப்பதும் கூடாது. காசோலை விற்பவர் பெயரிலேயே போக வேண்டும்.

விலை பேசும் முன் அதே புளோக்கிலும் பக்கத்துப் புளோக்குகளிலும் சமீபத்தில் விற்ற விலைகளைக் கழகத்தின் பக்கத்தில் பாருங்கள். விளம்பரத்தில் இருப்பது விற்பவரின் ஆசை. பதிவான விலைதான் நிலவரம்.

மீதமுள்ள குத்தகைக் காலத்தையும் பாருங்கள். வாங்குபவர்களில் இளையவருக்கு 95 வயது ஆகும்வரை குத்தகை நீடித்தால்தான் மசேநியை வரம்பு குறையாமல் பயன்படுத்தலாம். 30 வயது மனைவிக்கு 65 ஆண்டு வேண்டும்.

வீட்டுக்குள் போனதும் நேரே கழிவறைக்குப் போய்த் தலையைத் தூக்கிக் கூரையைப் பாருங்கள். பழுப்பு வளையம், உரிந்த பெயின்ட், வெளியே தெரியும் துருக்கம்பி இருந்தால் மேல்வீட்டுத் தரையிலிருந்து நீர் இறங்குகிறது. மேல்வீட்டுக்காரர் கதவைத் திறந்து ஒத்துழைத்தால்தான் அது சரியாகும். புதிதாகச் சாயம் அடித்த கூரை என்றால் இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாகப் பாருங்கள். சுவர் இடித்திருந்தால் அனுமதி வாங்கி இடித்ததா என்று கேளுங்கள்.

7. ஆப்ஷன்: அந்த 21 நாட்கள்

விற்பவர் விற்கும் எண்ணத்தைப் பதிவு செய்து 7 நாள் கழித்துத்தான் ஆப்ஷன் தர முடியும். கழகத்தின் படிவத்தில்தான் அது இருக்க வேண்டும். ஆப்ஷன் தொகை 1 முதல் 1,000 வெள்ளி வரை. பிறகு ஆப்ஷனை உறுதி செய்யும்போது கொடுப்பதையும் சேர்த்து 5,000 வெள்ளிக்கு மேல் போகக் கூடாது. அதிகம் கேட்டால் அங்கேயே எழுந்துவிடுங்கள். விலையைப் படிவத்தில் ஏற்றிக் காட்டி மிச்சத்தைத் திருப்பித் தருகிறேன் என்பவரிடமும் அப்படியே. அது சட்டவிரோதம்.

அடுத்த வேலைநாளுக்குள் மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் 120 வெள்ளி. இதில் சிக்கல் என்னவென்றால், விலை பேசி ஆப்ஷன் வாங்கிய பிறகுதான் மதிப்பீடு தெரியும். மதிப்பீடு 20,000 வெள்ளி குறைவாக வந்தால் அதை ரொக்கத்தில் நீங்கள்தான் தூக்க வேண்டும். எவ்வளவு வரை தாங்கும் என்று ஆப்ஷனுக்கு முந்தைய இரவே வீட்டில் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். அதைத் தாண்டினால் விட்டுவிடலாம், போவது ஆப்ஷன் தொகையும் மதிப்பீட்டுக் கட்டணமும்தான்.

மதிப்பீடு வந்ததும் வங்கியிடம் முறையான கடன் கடிதம் வாங்கிக் கையெழுத்திடுங்கள். அது கைக்கு வராமல் ஆப்ஷனை உறுதி செய்யவே கூடாது. ஆப்ஷனை உறுதி செய்ய உங்களுக்கு இருக்கும் 21 நாள் என்பது சனி, ஞாயிறு, பொது விடுமுறை எல்லாம் சேர்த்து. கடைசி நாள் மாலை 4 மணியோடு முடிந்துவிடும். சீனப் புத்தாண்டு, தீபாவளி வாரங்களில் ஆப்ஷன் வாங்கினால் வங்கிக்கு வேலைநாளே குறைவாக இருக்கும்.

8. முத்திரை வரி

ஆப்ஷனை உறுதி செய்த நாளிலிருந்து 14 நாளுக்குள் இரண்டு வரிகளையும் கட்ட வேண்டும். மசேநியைப் பயன்படுத்தலாம் என்றாலும், அந்தப் பணம் கெடுவுக்குள் வந்து சேருமா என்று வழக்கறிஞரிடம் முதல் நாளே கேளுங்கள். வராது என்றால் முதலில் ரொக்கமாகக் கட்டிவிட்டுப் பிறகு மசேநியிலிருந்து திரும்பப் பெற வேண்டியிருக்கும். ஊரிலிருந்து பணம் வரவழைக்க நினைப்பவர்கள் அதை ஆப்ஷனுக்கு முன்பே வங்கிக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

9. விண்ணப்பத்திலிருந்து சாவி வரை

விற்பவரும் வாங்குபவரும் தனித்தனியாக மறுவிற்பனை விண்ணப்பம் போட வேண்டும். ஒருவர் போட்ட 7 நாளுக்குள் மற்றவரும் போட வேண்டும். மூவறையும் அதற்கு மேலும் 80 வெள்ளி கட்டணம். கழகம் விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டதிலிருந்து சுமார் 8 வாரத்தில் விற்பனை நிறைவடையும். ஆப்ஷனிலிருந்து சாவி வரை மூன்று நான்கு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வாடகை வீட்டு ஒப்பந்தத்தை இதோடு ஒட்டித் திட்டமிடாதீர்கள். விற்பவர் தன் புது வீடு தயாராகவில்லை என்று, நிறைவுக்குப் பிறகும் 3 மாதம் வரை தங்க அனுமதி கேட்கலாம். நீங்கள் சம்மதித்தால்தான் அது நடக்கும். சம்மதித்தால் தவணையும் வாடகையும் ஒரே நேரத்தில் ஓடும். விலை பேசும்போதே கேட்டுவிடுங்கள்.

நிறைவு நாளுக்கு ஓரிரு நாள் முன் வீட்டை மறுபடி பாருங்கள். விட்டுச் செல்வதாகச் சொன்ன குளிர்சாதனம் சுவரில்தான் இருக்கிறதா, குழாய்கள் ஓடுகின்றனவா, பழைய கட்டிலையும் அலமாரியையும் உங்கள் தலையில் கட்டிவிட்டார்களா என்று பார்க்கத்தான்.

10. குடிபோன பிறகு

நகர மன்றத்தின் பராமரிப்புக் கட்டணம், குடிமகன் இல்லாத வீட்டுக்குக் கூடுதல் விகிதத்தில் வரும். மின்சாரக் கட்டணத் தள்ளுபடிகளும் குறைந்தது ஒரு குடிமகன் உள்ள வீடுகளுக்குத்தான். மாதச் செலவில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தவணையை மசேநியில் கட்டினால் வீட்டுப் பாதுகாப்புக் காப்புறுதி கட்டாயம்.

நிரந்தரவாசி உரிமையாளர்கள் 5 ஆண்டுக்குப் பிறகும் முழு வீட்டையும் வாடகைக்கு விட முடியாது. "சில வருஷம் ஊருக்குப் போய் வரலாம், வாடகை தவணையைப் பார்த்துக்கொள்ளும்" என்று கணக்குப் போடுபவர்கள் இந்த வரியை இன்னொரு முறை படித்துவிட்டு ஆப்ஷனில் கையெழுத்துப் போடுங்கள்.